பாட்டிலைத் திறக்க விடாத லீலா

குணா கூப்பிட்டபோது நான் கெலாங் பாத்தாவில், செகண்ட் லிங்க் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிற பேருந்துக்காக வரிசையில் நின்றிருந்தேன். "லீலா போயிட்டா, பத்மா. காலையில அஞ்சரைக்கு" என்றார். மனைவியை இழந்தவரிடம் நான் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "அந்தப் பெட்டி அப்படியேவா இருக்கு?" என்பதுதான். குணாவுக்குப் புரிந்தது. "அப்படியேதான் இருக்கு" என்றார்.

லீலாவைத் தெரிந்த உங்களுக்கும் புரியும். பாசிர் கூடாங் பாமாயில் ஆலையில் அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள், நான் கப்பலில் எண்ணெய் ஏற்றும் பிரிவில் இருந்தேன். கப்பல் வந்து நிற்கும், கேப்டன் என் காதில் கத்துவார், லீலா ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையை மூக்கடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஆகல, டேங்க்ல எண்ணெய் அடங்கட்டும்" என்பாள். யார் மன்றாடினாலும் கையெழுத்து விழாது. எங்கள் நட்பே சண்டையில்தான் ஆரம்பித்தது. பல வருஷம் கழித்தும் அது சண்டையாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் ஜோகூர் பாரு டவுனில் இருந்த வைன் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். பிரான்சிலிருந்து புதிதாக வந்த சிவப்பு வைன்களைக் கடை முதலாளி தவுக்கே வரிசையாக ஊற்றி வைத்திருந்தார். லீலா ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினாள். கடையே பார்த்தது. நானோ கொடுத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, மூன்றாவது கிளாஸை நன்றாக இருக்கிறது என்றேன். "இது இன்னிக்கு நல்லா இருக்கும், அஞ்சு வருஷத்துல செத்துடும்" என்று அதை ஒதுக்கினாள். அவள் பிடித்துக்கொண்டது போர்தோ வகை வைன் ஒன்று. நான் குடித்தபோது பச்சைப் பாக்கை மென்றது மாதிரி நாக்கு, பல், கன்னம் எல்லாம் கட்டிக்கொண்டது. "இந்தத் துவர்ப்புதான்டி இதுக்கு உயிர். பத்து வருஷம் போகட்டும், அப்ப பாரு" என்றாள். ஒரு பாட்டில் வாங்கிப் பார்ப்போமே என்றேன். கேட்கவில்லை. "ஒண்ணு வாங்கினா ஒரு தடவைதான் தெரியும். பெட்டியா வாங்கினாதான் அது எப்படி வளருதுன்னு கூடவே பார்க்கலாம்." பாதி அவளுக்கு, பாதி எனக்கு என்று பன்னிரண்டு பாட்டில் கொண்ட மரப்பெட்டி ஒன்றை வாங்கினோம். விலை என் வீட்டுக்காரருக்கு இன்று வரை தெரியாது. நல்ல நாளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் திறப்பது என்று பேச்சு.

ஜோகூர் வெயிலில் வைனை எங்கே வைப்பது? லீலா தன் வீட்டுப் பின்னறையில் வைத்து, இரவும் பகலும் ஏர்கான் ஓடவிட்டாள். குணா ஹாலில் காற்றாடிக்கு அடியில் படுத்தார். "எனக்குக் காத்தாடி, அதுக்கு ஏர்கான். நானும் பிரான்ஸ்ல பொறந்திருக்கணும்" என்பார் அந்த மனிதர், கோபமே இல்லாமல். ஒரு முறை எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கரண்ட் போனபோது, நனைத்த கோணிச்சாக்கைப் பெட்டி மேல் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீடு மாதிரி இருந்தது.

ஐந்தாவது வருஷம் என் தொல்லை தாங்காமல் ஒன்றைத் திறந்தாள். கஷாயம் தோற்றது. "சொன்னேன்ல" என்று எனக்கு ஊற்றியதையும் வாங்கிக் கறிக்குள் கொட்டினாள். அதற்குப் பிறகு கார்க் திறப்பானை எடுத்தாலே முறைப்பாள். என் மகன் கல்யாணத்துக்குக் கேட்டேன். ஆகல. இரண்டு பேரும் ஆலை வேலையை விட்டு வந்த அன்றைக்குக் கேட்டேன். ஆகல. போன தீபாவளிக்குக் கேட்டபோது ஜாடியிலிருந்து முறுக்கை எடுத்துக் கையில் கொடுத்து, "அடுத்த தீபாவளிக்கு நானே கூப்பிடுறேன், இப்ப இதைச் சாப்பிடு" என்றாள்.

மாசி மாதம் நோய் கண்டது. மருந்து ஏற ஏற அவளுக்கு எல்லாமே இரும்பு மாதிரி ருசித்தது. நான் திறப்பானைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். "இப்பவாவது குடிச்சிடலாம் லீலா" என்றேன். "நாக்கு திரும்பி வரட்டும் பத்மா. இப்ப எனக்குத் தண்ணியும் அதுவும் ஒண்ணுதான் லா. தெரியாம குடிக்கிறதுக்கா இத்தனை வருஷம் வச்சேன்?" திரும்பாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. படுத்திருந்தவளிடம் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்திய சாயங்காலம் படையல் போட்டார்கள். அவளுக்குப் பிடித்த நாசி லெமாக், மீன் சம்பால், கெட்டிக் கோப்பி எல்லாம் இலையில் வந்துவிட்டன. குணா பின்னறைக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். லாயாங் லாயாங்கிலிருந்து வந்திருந்த அவருடைய சகலைக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளைக்கு ஸ்டவுட் பீரு வைப்போம், சரி. பொம்பளை படையல்ல சரக்கு வைக்கிறதா?"

யாரையும் எதிர்த்துப் பேசாத குணா, "அவளுக்கு இதுதான் வேணும்" என்றார்.

தோற்றுப்போன சகலை அடுத்த நிமிஷம் அதில் மும்முரமாகிவிட்டார். "மூடியோட வச்சா அந்தப் பொம்பளை எப்படிக் குடிக்கும்?" நான் கைப்பையைத் தேடி எடுப்பதற்குள் அகப்பைக் காம்பால் கார்க்கை உள்ளே குத்தித் தள்ளிவிட்டார். பெரிய எவர்சில்வர் சொம்பில் முழுப் பாட்டிலையும் கவிழ்த்தார். "ஐஸ் போடவா?" என்றார். போட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். பிறகு வழக்கப்படி சாம்பிராணி காட்டி, அவள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே போக ஒரு மணி நேரம் போல ஆகிவிட்டது.

கதவைத் திறந்தபோது சாம்பிராணியையும் மீறி அந்த வாசனை வந்தது. காய்ந்த திராட்சை, கொஞ்சம் புகையிலை, பழைய மரப்பெட்டி. சொம்பில் காற்றாட இருந்த அந்த ஒரு மணி நேரம் அதற்கு நல்லதுதான் செய்திருந்தது. கார்க் தூளை ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தேன். அந்தத் துவர்ப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தொண்டை வரை வழவழவென்று போய், போன பிறகும் வாயில் நின்றது. சகலை ருசி பார்த்துவிட்டு, "கொஞ்சம் சீனி போட்டா நல்லா இருக்கும்" என்றார்.

"நல்லா இருக்கா?" என்று குணா என்னைக் கேட்டார். அவர் குடிப்பதில்லை.

"நல்லா இருக்கு. ஆயிடுச்சு" என்றேன். சொல்லும்போதே அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இது நேற்று ஆன வைன் இல்லை. போன தீபாவளிக்கே ஆகியிருக்கும். அவள் நாக்கு சரியாக இருந்த நாளில், கையில் முறுக்குக்குப் பதிலாக ஒரு கிளாஸைக் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் குடித்திருப்போம். ஊரில் உள்ள எண்ணெயையெல்லாம் மூக்கால் எடை போட்டவளுக்கு இது தெரியவில்லை.

மிச்சம் பத்து பாட்டில் இருக்கிறது. வருஷ திதிக்கு எடுத்து வைப்போமா என்று குணா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் அவளோடு இருந்தவர்கள், கப்பல் பிரிவில் அவளிடம் திட்டு வாங்கியவர்கள், அவளைத் தெரிந்த எல்லாரும் வரும் சனிக்கிழமை சாயங்காலம் குணா வீட்டுக்கு வாருங்கள். பத்தையும் திறக்கப் போகிறோம். லீலாவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது இந்தக் கோபம் ஒன்றைத்தான்.