இருபது வருடத்துக்குச் சாட்சி

என் அத்தான், தமக்கையின் கணவர், இந்த நாட்டுக்கு லொறியில் வந்தவர். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் பதினொரு மணித்தியாலம் குந்தியிருந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டையும் நிராகரித்தார்கள். ஆனால் திருப்பி அனுப்பவும் இல்லை. எட்டு வருடம் அப்படியே கிடந்தார். பிறகு அரசாங்கம் தேங்கிப்போன பழைய கோப்புகளை எடுத்து முடிக்கத் தொடங்கியபோது ஒரு நாள் காலை தபாலில் அவருக்கு விசா வந்தது. பொதுமன்னிப்பு என்று அரசாங்கம் அதைச் சொல்லவில்லை. எங்கள் சனம் அப்படித்தான் சொன்னது. என் தமக்கை நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார்.

அந்த அத்தான்தான் இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குடிவரவு பற்றி நாளுக்கு மூன்று செய்தி போடுகிறவர். படகுகளின் படம், அகதிகள் தங்கும் ஹோட்டலின் படம், யாராவது ஒரு அரசியல்வாதி மேசையில் குத்திப் பேசும் வீடியோ. கீழே, ‘இதுதான் சரி’ என்று ஒரு வரி. தொடக்கத்தில் நான் பத்தி பத்தியாகப் பதில் எழுதினேன். பிறகு அலுத்துப்போய்க் குழுவின் சத்தத்தை நிறுத்திவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவருடைய சத்தத்தை நிறுத்த எந்தப் பொத்தானும் இல்லை.

நான் மிச்சம் என்ற ஊரில் ஒரு பல்வைத்திய நிலையத்தில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை காலைகளில் எங்கள் தேவாலயப் பங்கின் மண்டபத்தில் இருந்து, ஆங்கிலக் கடிதம் விளங்காத ஆட்களுக்கு வாசித்துச் சொல்வேன். கவுன்சில் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம். சட்ட ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, அனுமதியும் இல்லை. அதற்குச் சட்டத்தரணியிடம் அனுப்பிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போகும்வரை ஒரு பெண் கதவருகில் காத்திருந்தார். பங்கில் எல்லோரும் அவரை மன்னார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாடகர் குழுவில் பதினைந்து வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். யார் வீட்டில் பிள்ளை பார்க்க வேண்டுமென்றாலும், யார் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க வேண்டுமென்றாலும் முதலில் கூப்பிடப்படுகிறவர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டொக்டரிடம் சலரோகம் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“தங்கச்சி, எனக்கு விசா இல்லை.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். வந்து இருபது வருடம் முடிந்துவிட்டது என்றும், இருபது வருடம் இருந்தவர்கள் விசா இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டதாகவும், அது உண்மையா என்றும் கேட்டார்.

உண்மைதான். நான் அவரை அனுப்பிவைத்த சட்டத்தரணியும் உண்மை என்றார். ஆனால் தொடர்ச்சியாக இங்கேயே இருந்ததற்கு ஒவ்வொரு வருடத்துக்கும் சாட்சி வேண்டும். திகதி இருக்க வேண்டும், பெயர் இருக்க வேண்டும். இதை அவர் அக்காவிடம் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எனக்குத்தான் பொறுமை போனது. எதிலும் தன் பெயர் விழுந்துவிடக் கூடாது என்று இருபது வருடம் கவனமாக வாழ்ந்த ஒருத்தரிடம், பெயர் விழுந்த கடதாசிகளை வருடவாரியாகக் கொண்டுவா என்றால் அவர் எங்கே போவார்?

இரண்டு மாதம் தேடினோம். டொக்டரின் பதிவுகளில் ஏழு வருடம் கிடைத்தது. கண்ணாடி செய்த கடையில் ஒரு வருடம். நூலக அட்டையில் ஒன்று. நல்லவேளையாக அக்கா பங்கில் மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்று வெவ்வேறு வருடங்களில் அவருடைய கையெழுத்து இருந்தது. மிச்ச வருடங்களையும் இப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். எட்டாவது வருடத்துக்கு மட்டும் ஒன்றுமே அகப்படவில்லை. அந்த வருடம் முழுக்க எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“உங்கட அத்தான் வீட்டிலதான்” என்றார் அக்கா.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தமக்கைக்கு முதுகு ஒப்பரேஷன் நடந்த வருடம். பிள்ளைகளைப் பார்க்க அக்கா அங்கேயே தங்கியிருந்தார். அந்த வருடம்தான் தமக்கையின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா. அதற்கு வீடியோ எடுத்தார்கள். வீடியோவும், அக்கா தன் வீட்டில் தங்கியிருந்ததாக அத்தானிடமிருந்து ஒரு கடிதமும் கிடைத்தால் அந்த ஓட்டை அடைபடும் என்று சட்டத்தரணி சொன்னார். நான் அத்தானிடம் வீடியோவை மட்டும் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. பாப்பம் என்றார். அவர் பாப்பம் என்றால் அது, வீடியோ கிடக்கிற பரணுக்கு ஏறப் பஞ்சி, சோம்பல் என்று அர்த்தம்.

இதற்கிடையில் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் நிற்கிற ஒரு வேட்பாளர் தமிழ்ச் சனத்தைச் சந்திக்கப் பங்கு மண்டபத்துக்கு வந்தார். யாரோ அவருக்கு இந்துக் கோயில்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே நடந்தார். யாரும் தடுக்கவில்லை. மொழிபெயர்க்க என்னை மேடையில் விட்டார்கள். பின்சுவர் ஓரமாக இருந்த மேசையில் மன்னார் அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வேட்பாளர் எல்லையைப் பற்றிப் பேசினார், வரிசையில் நின்று முறையாக வருகிறவர்களைப் பற்றிப் பேசினார். முறை தவறி இருப்பவர்களுக்கு எந்தப் பொதுமன்னிப்பும் இல்லை என்றார். அந்த இடத்தில் எனக்கு நாக்குத் தடுக்கியது. தமிழில் அதற்கு வேறு சொல் இல்லை. மன்னிப்பு என்றால் யாரோ யாருக்கோ குற்றம் செய்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தலை பின்னி, இன்னொரு வீட்டில் இடியப்பம் அவித்ததைத் தவிர, பின்னால் நிற்கிற பெண் யாருக்கு என்ன செய்தார்? ஆனாலும் பொதுமன்னிப்பு என்றே சொன்னேன். சொன்னதும் முன்வரிசை கை தட்டியது. தட்டிய கைகளில் எத்தனை, இதே நாட்டில் ஒரு காலத்தில் அப்படியொரு விசாவுக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த கைகள் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய கடிதங்களை வாசித்துக் கொடுத்தவளே நான்தானே.

கேள்வி நேரத்தில் அத்தான் எழும்பினார். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். சபைக்கு விளங்க வேண்டும் என்று தமிழில் கேட்டார்.

“விசா இல்லாமல் ஒளிச்சிருக்கிற ஆக்களை எப்ப அனுப்பப் போறியள் எண்டு கேளும். நாங்கள் வரி கட்டிறம், அவை சும்மா இருந்து அனுபவிக்கினம்.”

நான் தேநீர் மேசையைப் பார்த்தேன். அக்கா நிமிரவில்லை. ஒரு கோப்பைக்குப் பால் விட்டு, அடுத்த கோப்பையை இழுத்து, அதற்கும் அளவாகப் பால் விட்டார். மைக் கையில் இருந்தது.

“அத்தான், நீங்கள் லொறியில வந்ததையும் சேர்த்துச் சொல்லட்டோ?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேட்பாளர் புன்னகையோடு என் முகத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தார். சட்டவிரோதக் குடிவரவு பற்றிய கேள்வி என்று மட்டும் சொன்னேன். நியாயமாகவும் உறுதியாகவும் நடப்போம் என்று அவர் பதில் சொன்னார். அதற்குள் அத்தான் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து நல்லாய்க் கேட்டீர் என்று சொல்லியிருந்தார்கள். பின்னேரம் தமக்கை போனில், கட்டின மனிசனை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்திப்போட்டாய் என்று அழுதபோதுகூட எனக்கு ஒரு நியாயம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மன்னார் அக்கா வரும்வரை அது இருந்தது.

“தங்கச்சி, நீங்கள் கேட்டது சரிதான். ஆனா அந்த வீடியோ உங்களுக்கு வேண்டாம், எனக்குத்தான் வேணும்” என்றார். “உங்களுக்கு அவர் அத்தான். நாளைக்கே கதைச்சுப்போடுவியள். எனக்கு அது ஒரு வருசம்.”

இவ்வளவு நாளும் மற்றவர்கள் மீதே எரிச்சல்பட்டுப் பழகியவள், அன்று முழுக்க என்மீது எரிச்சலோடு இருந்தேன். அத்தானிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் போனால் திரும்பவும் அந்தக் கதைதான் வரும் என்றார் அக்கா. தானே பஸ் ஏறிப் போனார்.

அங்கே நடந்ததைத் தமக்கை பிறகு சொன்னார். அக்கா அரசியல் ஒன்றும் கதைக்கவில்லை. முதலில் மகளைப் பற்றி விசாரித்தார். பிறகு தனக்கு இன்னும் விசா இல்லை என்பதையும், வேண்டியது இன்னது என்பதையும் சொன்னார். அக்காவுக்கு எப்போதோ விசா கிடைத்துவிட்டது என்றே அத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். பிறகு, ஏன் இவ்வளவு நாளும் தனக்குச் சொல்லவில்லை என்று அக்காவை ஏசத் தொடங்கினாராம். ஏசிக்கொண்டே ஏணியை எடுத்துவந்து பரணில் ஏறினாராம்.

டிவிடி கிடைத்தது. அதைப் போட்டுப் பார்க்க எந்த வீட்டிலும் மெஷின் இல்லை. அத்தான் வேலைக்கு லீவு போட்டு, அப்டன் பார்க்கில் ஒரு கடையைக் கண்டுபிடித்து, போனில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்தார். ஒன்றரை மணித்தியால வீடியோவில் அக்கா ஐந்து இடத்தில் வருகிறார். நான்கில் முதுகுதான். கமெரா திரும்பும்போதெல்லாம் அவரும் திரும்பிவிடுகிறார். கேக் வெட்டும் இடத்தில் மட்டும் எல்லோரோடும் பாடிக்கொண்டு, முழு முகத்தோடு நிற்கிறார். மூலையில் திகதி இருந்தது. அத்தான் கடிதமும் கொடுத்தார். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள், யாரும் கேட்காமலே தானும் ஒரு கடிதம் எழுதினாள்.

விண்ணப்பத்தை அனுப்பியதும் கைரேகை கொடுக்கக் குரோய்டனுக்குப் போக வேண்டியிருந்தது. டிராமில் போகலாம் என்றோம். அத்தான் கேட்கவில்லை, காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நானும் அவரும் முன்னால், அக்கா பின்னால். எனக்கும் அவருக்கும் இன்னும் முழுதாகப் பேச்சு வரவில்லை என்பதால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நேயர்கள் போன் எடுத்துப் பேசும் நிகழ்ச்சி. விசா இல்லாமல் நெடுங்காலம் இருப்பவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுக்கலாமா என்பதுதான் அன்றைய தலைப்பு. கொடுத்தால் அதைப் பார்த்து இன்னும் வருவார்கள் என்றார் ஒரு மனிதர். அத்தான் தலையை ஆட்டினார்.

“சரியாத்தானே சொல்லுறான்” என்றார்.

நான் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சிக்னல்வரைக்கும்தான் முடிந்தது. “அத்தான், பின்சீற்றில இருக்கிறது ஆர்?”

அவர் கண்ணாடியில் பார்த்தார். உண்மையிலேயே நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை.

“இவவோ? இவ வேற” என்றார்.

வாட்ஸ்அப்பில் படகுப் படம் அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ‘வேற’ ஒருத்தர் இருக்கிறார். எல்லோருடைய ‘வேற’ ஆட்களையும் கூட்டிச் சேர்த்தால், நாட்டைவிட்டு அனுப்புவதற்கு யார் மிஞ்சுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் அவர் வாதாடவென்று காரை ஓரம்கட்டுவார். அக்காவோ பின்னால் இருந்து, இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிவு வர ஏழு மாதம் எடுத்தது. வந்தது ஒரு மின்னஞ்சல். கொடுத்திருக்கிறார்கள், ஆனால் முப்பது மாதத்துக்கு. அது முடிய முதல் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும், பிறகும் வேண்டும். நிரந்தரமாவதற்கு இன்னும் பத்து வருடம். அந்தச் சட்டத்தையும் மாற்றப்போவதாகச் செய்தியில் வாராவாரம் ஒரு கதை. நான் போனில் இதையெல்லாம் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்கா ஓம், ஓம் என்றார். கடைசியில், அப்படியென்றால் நாளைக்கு வேலை தேடலாமோ என்று கேட்டார். தேடலாம் என்றேன். அத்தான் குழுவில் பூங்கொத்துப் படத்தோடு வாழ்த்துப் போட்டார். அடுத்த செய்தி படகு.

அக்காவுக்கு விம்பிள்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு நேர்முகம் கிடைத்தது. துணைக்கு நானும் டிராமில் போனேன். யாரோ விட்டுப்போன பத்திரிகை ஒன்று எதிர் இருக்கையில் கிடந்தது. முதல் பக்கத்தில் படகு நிறைய ஆட்கள். அக்கா அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“இப்பிடியே வந்துகொண்டிருந்தா இந்த நாடும் என்ன செய்யிறது, தங்கச்சி?”

இருபது வருடம், இரண்டு மாதத் தேடல், ஏழு மாதக் காத்திருப்பு, எல்லாவற்றையும் நினைவுபடுத்தினேன். நீங்கள் சொல்லலாமா என்றேன். ஏன், நான் சொல்லக் கூடாதோ என்றார். தான் வந்த காலம் வேறு, இப்போது வேறு என்றார். அத்தானுடைய அதே சொல். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. பதினைந்து வருடம் பக்கத்தில் நின்று பாடியவர் ஒருநாளும் யாரோடும் எதிர்த்துக் கதைத்து நான் கேட்டதில்லை. அன்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கதைத்தார். இருபது வருடம் தணித்தே வைத்திருந்த குரலைத் தணிக்கவே இல்லை.

விம்பிள்டன் வந்தது. இறங்கி நடந்தபோதும் வாக்குவாதம் முடியவில்லை. நேர்முகத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. பிறகு கதைப்போம் என்று அவரைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அவர் திரும்பி வந்ததும் வாக்குவாதத்தில் சொல்ல மூன்று பதில்களை மனதில் அடுக்கிக்கொண்டு வெளியே நின்றேன்.