மைனாவும் மண் குளவியும்

என் புருஷன் மலைமேல் அணை கட்டுகிற இடத்துக்குச் சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிப் போகும் வண்டிக்காரர். குமுளிப் பாதையில் மாடுகள் நுரை தள்ள ஏறிப் போனால், எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை பிடித்துக்கொள்ளும், அச்சு முறியும், இல்லையென்றால் காய்ச்சல். எங்கள் ஊரிலிருந்து போன சிலரை அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்கள்.

ஒருமுறை காட்டிலிருந்து மலைமைனா ஒன்றைக் கூண்டில் கொண்டுவந்தார். நன்றாகப் பேசும் என்றார். அது கற்றுக்கொண்டதோ ஒரே ஒரு சத்தம்தான். வண்டி வாசலில் வந்து நிற்கும்போது மாட்டை அடக்க அவர் எழுப்பும் "ட்ர்ர்ர், ஓ!" அவர் மலைக்குப் போன பிறகு அந்தச் சத்தம் எங்களைப் படாத பாடு படுத்தியது. மைனா கத்தும். நான் உலையை விட்டு வாசலுக்கு ஓடுவேன். பின்கட்டிலிருந்து மாமியாரும் ஓடி வருவார். வெறும் தெருவைப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே திரும்புவோம். ஏமாற்று என்று தெரிந்தும் அடுத்த முறை ஓடாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உள்ளறைச் சுவரில் ஒரு குளவி ஈரமண் உருட்டி வந்து கூடு கட்டத் தொடங்கியது. எனக்குப் பிள்ளை இல்லாத காலம் அது. மாமியார் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிறவர். ஆனாலும் குளவியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ புள்ள, அந்தச் சொவரு பக்கம் வெளக்குமாத்தக் கொண்டு போகாத. குளவி கட்டுனா வீட்டுல புள்ள பொறக்கும்."

"சாமியார் கேட்டா வைவாக அத்தே."

"அவுக வீட்டுலயா கட்டுது? நம்ம வீட்டுலல்ல கட்டுது!"

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தும் குளவி ஜன்னலுக்கும் சுவருக்கும் ரீங்கரித்துக்கொண்டு போய்வரும்போதெல்லாம் கை வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் கூண்டைக் கழுவ மைனாவை வெளியே விட்டிருந்தேன். நான் தண்ணீர் மொண்டு வருவதற்குள் அது சுவரோரம் இருந்த நெல் குலுக்கைமேல் ஏறி நின்று மண்கூட்டைக் கொத்தி உடைத்து, குளவி உள்ளே அடைத்து வைத்திருந்த பச்சைப் புழுக்களை விழுங்கிக்கொண்டிருந்தது. மாமியார் வந்து பார்த்தார். திட்டவில்லை. சுவரடியில் உட்கார்ந்து உதிர்ந்த மண்ணைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு அழுதார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"மண்ணுதானே அத்தே. நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்திவிட்டேன்.

சாயங்காலமே மாமியார் மைனாவைக் கூண்டோடு தூக்கிப்போய்க் கீழத்தெருவில் தன் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

அதன்பின் வீடு அடங்கிப்போனது. வாசலுக்கு ஓட வேலையில்லை. ஆனால் அந்த அமைதிதான் என்னை உட்காரவிடவில்லை. ஏற்கெனவே புடைத்த அரிசியையே திரும்பப் புடைத்தேன். மாமியாரும் பின்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். இரண்டொரு நாள் போனபின் விடியற்காலையில் கிளம்பிப் போய்க் கூண்டோடு திரும்பி வந்தார்.

"அது கத்தாம இருந்தா, அவென் வரவே மாட்டான்னு நெஞ்சு அடிச்சுக்கிது ஆத்தா," என்றார். இருவருமாகக் கூண்டை ஆணியில் மாட்டினோம்.

என் புருஷன் வந்தபோது "ட்ர்ர்ர்" சத்தமே இல்லை. வேறொருவர் வண்டியை ஓட்டிவர, அவர் வைக்கோல்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தார். மலைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கொடுத்த கொய்னா மருந்துத் தண்ணீரை நான் வாயைத் திறந்து ஊற்ற, மாமியார் வேப்பிலைப் புகை போட்டுக் கொசுவை விரட்டினார். மைனா கத்தும்போதெல்லாம் என் புருஷன், "யாரு, யாரு வண்டி?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். மறுபடி படுக்கவைப்பது பெரும்பாடு.

காய்ச்சல் விட்டுக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய அன்று, மாமியார் முன்னிலையிலேயே சொன்னேன்: "இனிமே நீங்க மலைக்குப் போகக்கூடாது."

அவர் தாயைப் பார்த்தார். "அவ சொல்றதக் கேளுய்யா," என்றார் மாமியார்.

அதன்பின் அவர் வடக்கே ரயிலடிக்குத்தான் பாரம் ஏற்றிப் போனார். அதுவும் போய்வர நாள் பிடிக்கும் வழிதான். ஆனால் அந்தப் பாதையில் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.