மேல்வீட்டு ரோமானியர்கள்

2012 தீபாவளிக்கு நாங்கள் ஆடிய கங்கா ஸ்நானத்தில் பாதி கீழ்வீட்டு மதாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அப்போது குடியிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி வந்த முதல் தீபாவளி. தலை தீபாவளி விருந்துதான் இல்லை, எண்ணெய்க் குளியலாவது உருப்படியாக இருக்கட்டும் என்று கீழே கடையில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் வாங்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை கஞ்சத்தனம் இல்லாமல் தேய்த்துக்கொண்டோம். குளிக்கும் தொட்டியின் வாய் அடைத்துக்கொண்டது. எண்ணெயும் சீயக்காயும் என் தலைமுடியும் சேர்ந்தால் எப்படித் திரளும் என்பதைப் பிற்பாடு பிளம்பர் வெளியே இழுத்துக் காட்டினார். எங்கள் ஊர் அல்வா தோற்றது.

அதற்குள் தண்ணீர் தொட்டியைத் தாண்டி, தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டுச் சமையலறையின் கூரையில் பழுப்பாகப் படர்ந்துவிட்டது. புதிதாக வெள்ளையடித்த கூரை. அங்கே தனியாக வாழ்ந்த மதாமுக்கு எழுபதைத் தாண்டிய வயது. படியேறி வந்து கதவைத் தட்டினார். திறந்தால் எண்ணெய் வழியும் முகமும் சிவந்த கண்ணுமாக இரண்டு பேர். என்ன நினைத்தாரோ, ஓர் அடி பின்னால் போனார். அப்புறம் திட்டினார். பிரெஞ்சில் ஒருவரை அவ்வளவு மரியாதையாகத் திட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னொரு தடவை ஒழுகினால் வீட்டைக் காலி செய்யவேண்டும். பாரிஸில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும்.

"அடுத்த வருஷம் ஷாம்பூ போட்டுக் குளிச்சுக்கிடலாமே," என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

"தீபாவளிக்கு ஷாம்பூவா? அதுக்கு நான் குளிக்காமலே இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வழி ஒன்றும் தெரியவில்லை. வருஷம் ஓடி, அடுத்த தீபாவளியும் நெருங்கிவிட்டது. ஒரு மழை ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு, நுழைவு இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக, நதிக்குத் தெற்கே இருக்கும் ரோமானியர் குளியல் மண்டபத்தைப் பார்க்கப் போனோம். நாலு இடிந்த சுவர் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போனதும் வாயை மூட முடியவில்லை. குளிர்ந்த நீரில் முங்குவதற்கென்று கட்டிய கூடம், அத்தனை உயரத்தில், கல்லால் கவிந்த கூரையோடு இன்னும் நிற்கிறது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு பெண் வேறொரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஓசியில் அந்தக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டோம். இங்கே ஓடிய தண்ணீர், இப்போது மொத்தச் சந்தை இருக்கும் ரன்ஜிஸ் பக்கமிருந்து வந்ததாம். எங்கள் தெருக் கடைகளுக்கு முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் வேனில் வருகிற அதே ரன்ஜிஸ்! மோட்டார் கிடையாது. சரிவை மட்டும் நம்பி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்த்துச் சாய்த்து, பள்ளம் வந்த இடத்தில் வளைவுகள் கட்டி அதன் மேல் நடத்தி, ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். வெந்நீர்க் கூடத்தில் தரைக்கு அடியிலேயே நெருப்பின் சூடு ஓடுமாம். எங்கள் மூன்றாம் மாடியில் ஷவர் சளி பிடித்தவன் மூக்கு மாதிரி ஒழுகும். என் வீட்டுக்காரரை முறைத்தேன், ஏதோ அவர்தான் குழாய் போட்ட மாதிரி.

அப்புறம் அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டினாள். வளைந்த உலோகத் தகடு, கைப்பிடியோடு. ரோமானியர்களுக்குச் சோப்பு வழக்கமில்லை, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து ஊறுவார்கள், இந்தத் தகட்டால் வழித்து எடுத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்கள் என்றாள்.

நான் மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். நம் ஆட்கள்தான்! எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தெரிந்த ஒரு ஜாதி ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது என்பதில் வந்த சந்தோஷம். அதைவிட, வழித்துவிட்டு இறங்கவேண்டும் என்கிற அந்தச் சின்ன யோசனை நமக்கு ஏன் தோன்றவில்லை?

"சாக்கடை அடைத்துக்கொள்ளாதா?" என்று கேட்டேன்.

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்று அவள் சிரித்தாள். பெரும்பாலான எண்ணெய் தகட்டோடு போய்விடும், மீதியை ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் அடித்துச் சென்றுவிடும் என்றாள்.

மறுநாளே கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்து அண்ணை கல்லாவில் இருந்தார்.

"அண்ணே, இட்லி மாவு வழிக்கிற ரப்பர் கரண்டி இருக்கா? நல்லா வளையணும். உடம்புல எண்ணெய் வழிக்க."

"ஓம், இருக்கு. உடம்பிலயோ?" கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி, உங்கட ஊர் ஆக்களுக்கு விசர்தான் பிடிச்சிருக்கு." பைத்தியம் என்று பட்டம் கட்டிவிட்டு, சிரித்தபடியே இரண்டு கரண்டி எடுத்துத் தந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் கீழே போய் மதாமிடம் நானே முன்கூட்டிச் சொன்னேன். திட்டு வாங்குவதானால் ஒழுகுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளலாம், வீடாவது மிஞ்சும். ரோமானியர் மாதிரி வழித்துவிட்டுத்தான் குளிப்போம் என்று கையை ஆட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரோமானியர்கள் என் தலைக்கு மேல் குடியிருக்கவில்லை," என்றார். காலையில் சமையலறையில் அகலப் பாத்திரம் வைத்து, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கப் போவதாகவும் சொன்னார்.

விடிவதற்கு முன் எழுந்தோம். தேய்த்தோம், ஊறினோம். பிறகு ஆளுக்கொரு கரண்டி. முதுகை ஒருவருக்கு ஒருவர் வழித்தபோது கூச்சம் தாங்காமல் நான் கத்தினேன். அவர் என் வாயைப் பொத்தினார், அதில் எண்ணெய் உள்ளே போனது. வழித்ததைப் பேப்பரில் துடைத்துக் குப்பையில் போட்டோம். தொட்டியின் வாயில் பழைய வேட்டித் துணி கட்டி, சீயக்காயை அதில் பிடித்தோம். தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போனது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் கைதட்டினோம்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

வீடு போச்சு. என் வீட்டுக்காரர்தான் போய்த் திறந்தார். மதாம், வீட்டு அங்கியில், கக்கத்தில் பாத்திரத்தோடு.

"ஒரு சொட்டுகூட இல்லை," என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

சொல்லிவிட்டுப் போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டி, அதை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். வீட்டில் மூத்தவர் ஒருவர் மற்றவர்கள் தலையில் வைக்கவேண்டும், எங்களுக்கு இங்கே அப்படி யாரும் இல்லை, அதனால் நாங்களே வைத்துக்கொண்டோம் என்றேன்.

மதாம் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கிண்ணத்தில் விரல்களை முக்கினார். நான் தடுக்கவில்லை; குளித்த தலையை அப்படியே குனிந்து காட்டினேன். வைத்தார். பிறகு என் வீட்டுக்காரருக்கும்.

"ஐயோ மதாம், மறுபடி குளிக்கணுமே," என்றார் என் வீட்டுக்காரர். "மறுபடி தண்ணி விடணும்."

மதாம் எங்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"விடுங்கள். நான்தான் மேலே இருக்கிறேனே, கீழே யார் நனையப் போகிறார்கள்?"