குதிரைகள் மறக்க வேண்டிய குரல்

மாஸ்டரம்மா மைதானத்தில் நின்று "ட்ராட்!" என்று ஒரு குரல் கொடுத்தால், வேலிக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு மிதி கூடுதலாக மிதிப்பார்கள். நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே ஒரு துள்ளோட்டம் உண்டு, அதற்குத்தான் அந்தச் சொல். சவாரி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் ஒரு மாதம் அந்தச் சொல்லைக் கேட்டாலே குதிரையின் பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து அதற்காகவே வருவார்கள்.

அவளுடைய குடும்பத்தில் குதிரை வாசனையே கிடையாது. அப்பா தையல்காரர். வீட்டில் இருந்த ஒரே நாலுகால் ஜீவன் தையல் மெஷின்தான். சவாரிப் பள்ளியிலிருந்து கிழிந்த குதிரைப் போர்வைகள் தைக்க வரும். ஒன்பது வயதில் ஒருநாள் தைத்து முடித்த போர்வையைத் தலையில் சுமந்து லாயத்துக்குள் போனவளின் கழுத்தில், முன்பின் தெரியாத ஒரு குதிரை மூக்கை வைத்து நிதானமாக ஒரு மூச்சு விட்டது.

வீட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, அதுக்கு மூச்சு சூடா இருக்கும்மா!" என்றாள்.

"உனக்கும்தான் சூடா இருக்கு. போய்க் கையைக் கழுவு" என்றாள் அம்மா.

கை கழுவினாள். கழுத்தை மட்டும் கழுவவில்லை.

பட்டப் படிப்பை முடித்த மறுநாளே லாயத்தில் சாணம் அள்ளும் வேலைக்குப் போய் நின்றாள். "இதுக்கா காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்ட அப்பா, அடுத்த வாரம் பழைய கால்சட்டை ஒன்றின் உட்புறத்தில் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தார். சேணத்தில் உரசினால் கிழியாமல் இருக்க. அதற்கு மேல் அவர் சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முதல் ஐந்து வருடத்தில் தோள் எலும்பு ஒருமுறை, விலா எலும்பு இரண்டு, கட்டைவிரல் ஒன்று. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். அவளைத் தள்ளிவிட்ட குதிரை, அவள் தொப்பியின் மேல் ஏறி நின்றுகொண்டு புல்லும் மேய்ந்தது.

விழுந்து விழுந்துதான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. குதிரைகளுக்குக் குரல் பிடிக்கும். முரட்டுக் குட்டியை நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் தான் நின்று, தன்னைச் சுற்றி வட்டமாக ஓடவிடுவாள். நட என்றால் நட, ட்ராட் என்றால் ட்ராட், நில் என்றால் நில். சாட்டை கிடையாது, அதட்டல் கிடையாது. அந்தப் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு குதிரையும் அவள் குரலைக் கேட்டே ஆளானது. யாராலும் ஏற முடியாது என்று தள்ளிவிடப்பட்டவை அவளிடம் வந்து சேரும். மூன்று மாதத்தில் அவை எல்.ஐ.சி. ஏஜெண்டு மாதிரி பணிவாக நிற்கும்.

கல்யாணமும் குதிரை வழியாகத்தான் வந்தது. ஊர் நூலகத்தில் குதிரை நோய்கள் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து பதினோரு மாதம் திருப்பித் தரவில்லை. நூலகர் நேரிலேயே லாயத்துக்கு வந்துவிட்டார்.

"புத்தகம் இருக்குங்களா?"

"இருக்கு. அட்டை மட்டும் இல்ல."

"அட்டை எங்க?"

அவள் பக்கத்தில் எதையோ மென்றுகொண்டிருந்த குதிரையைக் காட்டினாள். நூலகர் குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப கார்டுல இவரு பேரை எழுதிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். அவர் பேச்சே அவ்வளவுதான், எப்போதும் பக்கத்து மேஜையில் யாரோ படித்துக்கொண்டிருப்பது மாதிரி. குரலே இல்லாதவரும் குரலைத் தவிர வேறெதுவும் இல்லாதவளும் சேர்ந்தால் வீட்டில் ஒரு சராசரி வந்துவிடும் என்று லாயக்காரர் சொன்னார்.

அவளுக்கு ஐம்பத்தொன்று ஆனபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. அதற்குள் பள்ளியே அவள் பொறுப்பில் இருந்தது. ஏழு குதிரைகள். எங்கே அனுப்பினாலும் தாமதமாகப் போய்ச் சேரும் 'தபால்', தடை தாண்டுவதற்கு முன் கட்டாயம் தும்மும் 'மூக்குப்பொடி', ஆறு வயதுக் குள்ளக் குதிரை 'பட்டாணி', இன்னும் நாலு. இனிமேல் சவாரிப் பள்ளிகள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒரு தேர்வாளர் நேரில் வருவார், மாணவர்கள் மூன்று பேர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றது கடிதம். தோற்றால் பள்ளியை மூட வேண்டும். மூடினால் ஏழு குதிரைகளும் ஏழு திசைக்குப் போகும். ஒரு நிபந்தனை கீழே சின்ன எழுத்தில் இருந்தது: தேர்வு நேரத்தில் பயிற்சியாளர் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"உட்காருறதுல என்ன கஷ்டம்?" என்றாள்.

"அமைதியான்னும் போட்டிருக்கு" என்றார் அவள் கணவரான நூலகர்.

தேர்வாளர் ஒல்லியான மனிதர், குடை பிடித்தபடி நோட்டில் எழுதக்கூடியவர். முதலில் பேங்க் மேனேஜர் தபாலின் மேல் ஏறினார். ஒரு வருடமாகப் பழகியவர், ஏறிய கம்பீரத்தில் அரை அரசர். "ட்ராட் போங்க" என்றார் தேர்வாளர். மேனேஜர் காலால் அழுத்தினார். தபால் நகரவில்லை. லகானை ஆட்டினார். "போடா, ராஜா, போடா" என்று கெஞ்சினார். தபால் காதுகளை நிமிர்த்தி, நேராகப் பெஞ்சைப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு அடியாக வந்து மாஸ்டரம்மாவின் முன்னால் நின்று, 'சொல்லு' என்பதுபோல் தலையை நீட்டியது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து பல் டாக்டரம்மா, மூக்குப்பொடியின் மேல். அதுவும் நேராகப் பெஞ்சுக்கு வந்தது. மூன்றாவதாக போட்டோ ஸ்டூடியோக்காரர் ஏறிய குதிரையும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. மூன்று குதிரைகள், மூன்று மாணவர்கள், ஒரு பெஞ்சு. குரூப் போட்டோ மாதிரி இருந்தது.

தேர்வாளர் குடையை மடக்கினார். "அம்மா, குதிரைங்களுக்கு ரொம்ப நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க. ஆளுங்களுக்குத்தான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல."

இருபத்தைந்து வருடம். எத்தனை பேர் அவளிடம் சவாரி கற்றுக்கொண்டு, கை குலுக்கி, நன்றி சொல்லிப் போயிருப்பார்கள்! அவர்கள் யாரும் குதிரை ஓட்டியதே இல்லை. அவள்தான் ஓட்டினாள், அவர்கள் மேலே உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"மூணு மாசம் கழிச்சு வர்றேன்" என்றார் தேர்வாளர். "மூணு பேரு வேணும். ஒருத்தர் புதுசா இருந்தாலும் சரி. சொல்லப்போனா புது ஆளுகிட்டத்தான் உங்க வேலை தெரியும்."

புது ஆள் வேண்டியதாகத்தான் போயிற்று. "ஒரு வருஷமா நான் வெறும் மூட்டையா இருந்திருக்கேன் மேடம்" என்று போட்டோக்காரர் அன்றைக்கே விலகிவிட்டார். மூடப்போகிற பள்ளியில் சேர யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வர்றேன்" என்றார்.

"எங்க?"

"குதிரை மேல."

அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது. "நீங்களா! ஏணியில மூணாவது படி ஏறினா கண்ணை மூடிக்கிறவரு நீங்க!"

"மூடிக்கிட்டே ஏறுறேன்" என்றார்.

ஆனால் மாணவர்களைவிடப் பெரிய பாடு குதிரைகளை மறக்க வைப்பதுதான். வாயை மூடிக்கொண்டு கையால் சைகை காட்டினாள். ஐந்தே நாளில் குதிரைகள் கையைப் படித்துவிட்டன. மாணவர்களிடம் ரகசியமாக, 'ஒன்று என்றால் நடை, இரண்டு என்றால் ட்ராட்' என்று சொல்லிவைத்தாள். நாலு நாளில் குதிரைகளுக்கு எண் தெரிந்துவிட்டது. கையைக் கட்டி, வாயைப் பொத்தி நின்றாள். அப்போதும் பட்டாணி மட்டும் சரியாக ஓடியது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த லாயக்காரர்தான் கண்டுபிடித்தார்.

"அக்கா, நீங்க சொல்லணும்னு நினைக்கும்போது மூச்சு இழுக்கிறீங்க. தோள் தூக்குது. இந்தக் குட்டிப்பிசாசு அதைப் பாக்குது. பேசாம இதுங்களுக்கே பரீட்சை வைக்கச் சொல்லுங்க, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸாகும்."

அன்று வீடு வந்ததும் சோர்ந்து உட்கார்ந்தவளிடம் கணவர் தேநீரை நீட்டினார். "லைப்ரரி அமைதியா இருந்தா ஒருத்தர் இருமினாக்கூட எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. பக்கத்துல கட்டடம் கட்டினப்போ மூணு மாசம் ஒரே இடி. அப்ப எவன் கத்தினாலும் ஒருத்தரும் தலையைத் தூக்கல."

அவள் தேநீரைக் குடிக்காமல் அவரையே பார்த்தாள். "அடப்பாவி மனுஷா. இதை மூணு வாரம் முன்னாடி சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கல. பேசிக்கிட்டிருந்த."

மறுநாளிலிருந்து மைதானத்தின் ஒரு முனையில் ஒரு நாற்காலி. குதிரைகளுக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்து, செய்தித்தாளின் வரி விளம்பரங்களை உரக்கப் படித்தாள். "மூன்று அறை கொண்ட வீடு வாடகைக்கு, ட்ராட், தண்ணீர் வசதி உண்டு, நில், தரகர்கள் வேண்டாம்!" முதல் வாரம் ஒவ்வொரு ட்ராட்டுக்கும் ஏழு குதிரைகளும் பதறிப் பாய்ந்தன, மேனேஜர் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். இரண்டாம் வாரம் பாதிதான் பாய்ந்தன. மூன்றாம் வாரம் அவை அவளை வானொலிப் பெட்டி கணக்கில் சேர்த்துவிட்டன. "குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம்னு பழமொழி உண்டு, குதிரைக்கே வீட்டு வாடகைங்கிறது இப்பத்தான் பாக்குறேன்" என்றார் லாயக்காரர்.

பாடத்தைக் குதிரை இல்லாத இடத்தில் நடத்தினாள். லாயத்துப் பின்புறம் ஒரு மரப்பீப்பாயில் சேணத்தைக் கட்டி, ஒவ்வொருவராக ஏற்றி, கெண்டைக்காலைத் தன் கையால் பிடித்து, "இங்க. இவ்ளோதான். உதைக்காதீங்க, கதவைத் தட்டுற மாதிரி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இப்படிச் சொல்லிக் கொடுப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. பல் டாக்டரம்மா ஒருநாள், "மேடம், நீங்க மெதுவா பேசுறது எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

கணவர் தபாலின் மேல் முதல் இரண்டு வாரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம், சில நாள் அரை மணி நேரம். நகராத குதிரை மேல் நகராத மனிதர், சிலை திறப்பு விழாவுக்குக் காத்திருப்பதுபோல. கோபமே இல்லை. "அது யோசிக்குது" என்பார் இறங்கும்போது.

ஒரு மாலை, அவள் முதுகைக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "பழைய குளிர்சாதனப் பெட்டி விற்பனைக்கு." பின்னால் மணலில் ஓர் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. நான்கு கால்களும் ஒழுங்காக, மெல்ல. திரும்பக் கூடாது. திரும்பினால் தபால் அவள் முகத்தைப் படித்துவிடும். "நல்ல நிலையில் உள்ளது" என்று படித்தாள். "நேரில் வந்து பார்க்கவும்." காலடிகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழு வட்டம் போட்டன. எங்கோ அவர் மூச்சை விட்டார், காலடிகள் நின்றன. நிற்கச் சொன்னது அவள் இல்லை.

மூன்று மாதம் கழித்துத் தேர்வாளர் குடையோடு வந்தார். மேனேஜர் இந்த முறை அரசராக ஏறவில்லை, குமாஸ்தாவாக ஏறினார், குதிரை ஓடியது. டாக்டரம்மா மூக்குப்பொடியின் தும்மலையும் சேர்த்துத் தடையைத் தாண்டினார். கடைசியில் கணவர். ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவியது, தொப்பி கண்ணை மறைத்தது. ஆனாலும் தபால் நடந்தது, துள்ளி ஓடியது, சொன்ன கம்பத்தருகே நின்றது. பெஞ்சில் மாஸ்டரம்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

தேர்வாளர் நோட்டை மூடவில்லை. "அம்மா, இப்ப நீங்க பேசலாம். ஒரு தடவை, உங்க முழுக் குரல்ல, ட்ராட்னு சொல்லுங்க."

தபால் ஓடினால் எல்லாம் போயிற்று. மெதுவாகச் சொல்லி ஏமாற்றலாம். ஆனால் அது அவளுக்கு வராது. எழுந்து நின்றாள்.

"ட்ராட்!"

வேலிக்கு வெளியே ஒரு சைக்கிள்காரர் வேகமெடுத்தார். தபாலின் ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. பிறகு அந்தக் காதும் பின்னால், மேலே இருந்தவர் பக்கம் போயிற்று. நின்ற இடத்தில் நின்றபடி, அவர் என்ன கேட்பார் என்று காத்திருந்தது.

தேர்வாளர் எழுத ஆரம்பித்தார். மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, எங்கோ ஒரு சின்ன இடத்தில் வலிக்கவும் செய்தது. குதிரை மேலிருந்து அவர் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷமா என்னால முடியாதது, இதுக்கு மூணே மாசத்துல வந்துடுச்சு பாரு."

அதன் பிறகு பதின்மூன்று வருடம் அவள் அப்படியே சொல்லிக் கொடுத்தாள். பீப்பாயில் மெதுவாக, மைதானத்தில் சும்மா. குரலை வீணாக்கவும் இல்லை. லாயக்காரரிடமும், காய்கறிக் கடையிலும், வீட்டிலும் முழுதாகச் செலவழித்தாள். பழைய மாணவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டாள்: 'நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. வந்து கற்றுக்கொள்ளுங்கள்.' நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.

இந்த ஆண்டு, கொஞ்ச நாள் படுத்திருந்துவிட்டு, அவள் போய்விட்டாள். ஒரு வாரம் மூடியிருந்த பள்ளி திங்கட்கிழமை திறந்தது. கணவர் பிளாஸ்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. குதிரைகள் நடந்தன, ஓடின, நின்றன. எல்லாம் மேலே இருந்தவர்கள் கேட்டபடிதான்.

பட்டாணிக்கு இப்போது பத்தொன்பது வயது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சுமந்து வந்த அது, பெஞ்சுக்கு எதிரே மட்டும் தானாக நின்றது. அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தது. தோள் ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பது மாதிரி இருந்தது.

சிறுமி அவசரப்படவில்லை. கொஞ்சம் பொறுத்து, கதவைத் தட்டுவதுபோல் கெண்டைக்காலால் மெல்ல ஒருமுறை தொட்டாள்.

பட்டாணி துள்ளோட்டமாகக் கிளம்பியது.