செனோன் வயிற்றில் நின்ற வண்டி

ஓய்வு பெற ஆறு வருடம் இருக்கையில் போகுமிலாவின் முழங்கால் மக்கர் செய்தது. அறுவைப் பிரிவில் ஓடியாடிய நர்ஸ், இனி உட்கார்ந்து காலம் தள்ளலாம் என்று நினைத்தார். நீதிமன்றம் அனுப்பும் மனநோயாளிகளைப் பூட்டி வைத்திருக்கும் மருத்துவமனைக்கு மாற்றல் வாங்கினார். உட்காரத்தான் முடியவில்லை. அங்கே கழிப்பறைக்குப் போகக்கூட மூன்று கதவு, மூன்று சாவி.

சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணுவார்கள். கரண்டி உள்ளே தள்ளியது என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மனநோய் மருந்து குடலையும் தூங்கவைத்துவிடும் என்பது அங்கே எல்லோரும் படித்ததுதான். பரீட்சையோடு அது முடிந்துவிட்டது. போகுமிலா பழைய பழக்கத்தில் தினமும் காலையில் நோட்டோடு கிளம்பினார்.

“வெளிக்குப் போச்சா?”

“எங்கம்மாவே இதக் கேட்டு நாப்பது வருஷமாச்சு சிஸ்டர்” என்றார் ஒரு நோயாளி. காவலர்கள் போகுமிலாவுக்குக் ‘கக்கூஸ் கமிஷனர்’ என்று பெயர் வைத்தார்கள்.

செனோன் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. தன் வயிற்றுக்குள் நிலக்கரி வண்டி ஒன்று தடம் புரண்டு கிடப்பதாகப் பதினோரு வருடமாகச் சொல்லிவந்தார். கேஸ் ஷீட்டில் மாதாமாதம் ‘மாயநம்பிக்கையில் மாற்றமில்லை’ என்று எழுதுவார்கள். போகுமிலாவே இரண்டு முறை எழுதியிருந்தார்.

நவம்பரில் ஒரு காலை, நோட்டில் செனோன் பெயருக்கு நேரே தொடர்ந்து ஐந்தாவது ‘இல்லை’ விழுந்தது. மூன்றாம் நாளே ஒரு மூடி பேதி மருந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தது தன் தப்பு என்று போகுமிலா பின்னாளில் எல்லோரிடமும் சொல்வார். செனோன் கட்டிலில் சுருண்டு கிடந்தார். பக்கத்தில் பச்சையாக வாந்தி.

“வண்டி வலிக்குது, சிஸ்டர்.”

பதினோரு வருடத்தில் வண்டி வலித்ததே இல்லை. தொட்டுப் பார்த்தார். வயிறு பலகையாக இறுகியிருந்தது.

டாக்டர் ட்வோரெக் போனில், “எப்பவும் இருக்கிற வண்டிதானே?” என்றார்.

“வண்டி பழசுதான் டாக்டர். வாந்தி புதுசு. வந்து கைய வச்சுப் பாருங்க.”

வந்தார். கை வைத்தார்; உடனே நகர மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். அதற்குமேல் வாதாடாதது அவருடைய பெருந்தன்மை. காவல் அதிகாரிதான் மறித்தார்.

“கோர்ட்டுக்குத் தெரிவிக்காம வாசலத் தாண்டக் கூடாது சிஸ்டர்.”

“தெரிவிங்க. விலங்கும் போடுங்க. ஆனா ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு எழுதுங்க. சாயங்காலம் எழுதினா, யாரப் பத்தி எழுதுறீங்களோ அந்த ஆளே இருக்க மாட்டார்.”

அதிகாரி போகுமிலாவைப் பார்த்தார்; சாவியை எடுத்தார். நகர மருத்துவமனையில் அடைத்துக் கிடந்த குடலைத் திறந்த சர்ஜன், இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். கேஸ் ஷீட்டில் ‘மாயநம்பிக்கையில் மாற்றமில்லை’ என்ற வரிக்குக் கீழே இப்போது ட்வோரெக்கின் கையெழுத்தில் இன்னொரு வரி வருகிறது: ‘வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.’

டிசம்பர் நான்கு, சுரங்கக்காரர்களின் திருநாள். பீருக்கு அங்கே அனுமதியில்லை. அதனால் மலத்தை இளக்கும் உலர்ந்த பிளம்ஸ் பழம் வேகவைத்த சாற்றை எல்லோரும் கோப்பையில் ஏந்தினார்கள். அந்த வார்டுக்கு அதைவிடப் பொருத்தமான பானம் கிடையாது. இளைத்துப்போய்த் திரும்பியிருந்த செனோன், தங்கை கொண்டுவந்த இறகு வைத்த சுரங்கக்காரர் தொப்பியோடு நின்றார். பாதிரியார் வந்தபோது கழற்றாத தொப்பியைப் போகுமிலாவுக்கு முன்னால் கழற்றினார்.

“வண்டி இன்னும் உள்ளதான் இருக்கு சிஸ்டர். ஆனா ஓடுது. இன்னிக்குப் போச்சு, எழுதிக்குங்க.”

வார்டே போகுமிலாவைப் பார்த்து ‘நூறு வருஷம் வாழ்க’ என்ற வாழ்த்துப் பாட்டைப் பாடத் தொடங்கியது. கேலி செய்த காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். போகுமிலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நோட்டை எடுத்து எழுதினார்.