கோச்சின் குரலாக இருந்த பருவம்

அந்த அயர்லாந்துக்காரர் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வந்தபோது அவருக்கு ஜேர்மன் மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். கூர் நகரத்திலிருந்து சின்ன மலை ரயிலில் போகவேண்டிய ஒரு பள்ளத்தாக்கு ஊர்க் கழகம் அது. நான் பகலில் கூரில் மருத்துவமனையில் பிசியோ. பயிற்சி நாட்களில் மாலையில் அங்கே போய் ஆட்டக்காரரின் கால்களைப் பார்ப்பேன். "ஆம்பிளையளின்ர காலைப் பிடிக்கவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?" என்று அம்மா தான் இருக்கும் பூம்ப்ளிஸிலிருந்து போனில் கேட்பா.

ஆடுகிற பெடியளுக்கு ஆங்கிலம் விளங்கும். அவருடைய ஆங்கிலம்தான் விளங்கவில்லை. படிப்பு முடிந்த கையோடு லண்டனில் ஐரிஷ் தாதிகளோடு வேலை செய்திருந்ததால் எனக்கு அது பழகியிருந்தது. அப்படித்தான் நான் கோச்சின் குரலானேன்.

இடைவேளையில் அவர் கத்துவதை நான் கத்தாமல் சொல்வேன். ஒருநாள் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நான் கத்தினால் நீரும் கத்தவேணும். இல்லாட்டி நான் கோபப்பட்டதே அவங்களுக்குத் தெரியாமல் போயிடும்."

அடுத்த ஆட்டத்தில் கத்தினேன். உயரமான பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலைக் கைதவறவிட்டார். கோச் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் மட்டும் கண்டேன்.

ஆட்டம் முடிந்தால் மற்றவர்கள் குடும்பத்தோடு காரில் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் ரயிலில் கூருக்கு வருவோம். அவர் மனைவியும் மகள்மாரும் அயர்லாந்தில். என் கணவர் அந்த வருசம்தான் என்னைப் பிரிந்து சூரிச்சில் தங்கிவிட்டார். இரண்டு பேரும் இதைப்பற்றி அதிகம் கதைத்ததில்லை. அவர் யன்னலால் வெளியே பார்ப்பார். நான் போனைப் பார்ப்பேன். கூர் வந்ததும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பனிக்காலம் முடிந்து ஆட்டங்கள் திரும்பத் தொடங்கின. நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை கழகத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்ன விசயம் என்று வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் மேசையைப் பார்த்தபடி கதைத்தார். 'லைடர்' என்று தொடங்கினார். துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தம். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன்.

கோச் என் முழங்கையை மெல்லத் தொட்டார். "விடும். இந்தச் சொல் எந்த மொழியிலயும் எனக்கு விளங்கும். வேற நாடுகளிலயும் கேட்டிருக்கிறன். அவருக்கு நன்றி எண்டு மட்டும் சொல்லும்."

அவருக்கே தெரிந்த சொல் அது. என்றாலும் நான்தான் சொன்னேன்.

வேலை போனதும் அவர் ஊருக்குத் திரும்ப ஆயத்தமானார். வாடகை வீட்டை ஒப்படைக்கிறதென்றால் இங்கே பளிங்குபோலத் துடைத்துக் கொடுக்கவேண்டும். அது அவருக்குத் தெரியாது. உதவிக்குப் போனேன். சுவரில் ஒரு படமும் இல்லை. அலுமாரியில் ஒரு கோப்பை, ஒரு தட்டு. அவர் முழங்காலில் நிற்கமுடியாமல் தரையில் இருந்துகொண்டு ஓவனைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்டு இங்கிலாந்துக்குப் போனது. பெரிய கழகமொன்றில் ஆடக் கிடைக்காமல் வருசக்கணக்காக ஓரத்து வாங்கிலேயே இருந்தது. பிறகு சின்னச் சின்ன ஊர்களில் ஆடியது. தலையால் அடித்த ஒரு கோலுக்காக ஒரு ஊரே அவரைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. முழங்கால் போனது. பயிற்றுநரானது, மனேஜரானது, ஒரு கோப்பை வென்றது, அடுத்த வருசமே வேலை போனது.

"எது கஷ்டம்? ஆடினதோ, மனேஜரா இருந்ததோ?" என்று கேட்டேன்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஆடேக்க பஸ்ஸில பக்கத்தில எப்பவும் ஆரும் இருப்பினம். மனேஜர் எண்டால் முன் சீற்றில தனிய. பின்னால சிரிக்கிற சத்தம் கேக்கும். திரும்பிப் பார்த்தா நிண்டுபோகும்."

வீட்டைப் பொறுப்பெடுக்க வந்த வீட்டுச் சொந்தக்காரி ஓவனுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினா. அவ போனபிறகு கோச் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "இந்த வருசம் நான் வெண்ட முதல் ஆட்டம்!" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் மட்டும் வந்ததல்ல.

அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்தவர் ஜேர்மன் கதைக்கிறவர். எனக்கு மறுபடியும் கால்கள் மட்டும்தான். ஆட்டக்காரர் மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஆனால் இடைவேளையில் நான் பேசாமல் நிற்பது எனக்கே புதிதாக இருந்தது. ஆட்டப் பருவம் முடிந்ததும் விலகிவிட்டேன்.

கோடையில் அயர்லாந்திலிருந்து பழைய கோச் எனக்குப் போன் எடுத்தார். சொந்த ஊரில் பெண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறாராம். மைதானம் கடலுக்குப் பக்கத்தில், ஒரே காற்று, உயர அடித்த பந்து திரும்பி வந்துவிடுகிறதாம். பின்னால் யாரோ பெட்டையள் கூவுவது கேட்டது.

"நீர் எப்பிடி இருக்கிறீர்?"

"நல்லாயிருக்கிறன்."

'ஓ' என்று இழுத்தார். நம்பவில்லை என்று விளங்கியது. பிறகு, "வந்து பாரும். மனிசியும் உம்மைப் பார்க்கவேணும் எண்டு சொல்லுறா," என்றார்.

லீவு கிடைத்தால் இலையுதிர்காலத்தில் வருவதாகச் சொன்னேன். அடுத்த நாளே லீவு கேட்டேன்; தந்துவிட்டார்கள். பிளேன் ரிக்கெற் மட்டும் இன்னும் போடவில்லை.