சித்திரை மாதத்து ஈரம்

எங்கள் ஊருக்கு வந்த முதல் டிராக்டர் எங்கள் வீட்டு டிராக்டர்தான். அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. காரணம், எங்கள் ஊரில் மாடு பூட்டி இழுக்கப்பட்ட முதல் டிராக்டரும் அதுவே.

ஊர் திருப்புட்குழியைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. டிராக்டர் சின்னது. பக்கத்தில் நின்றால் அப்பாவின் மார்பளவுதான் வரும். எங்கள் வரப்புகளுக்கு நடுவே பெரிய வண்டி திரும்பாது என்று சொல்லி அதைத் தேர்ந்தெடுத்தவர் சித்தப்பா. சென்னையில் ஒரு ஆலையின் சரக்கறையில் குமாஸ்தாவாக இருந்து, அது பிடிக்காமல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். டிராக்டர் வேண்டும் என்று அப்பாவிடம் ஒரு வருஷம் விடாமல் பேசினார். அப்பா ஒரு வழியாக ஒத்துக்கொண்டார், ஆனால் உழவு மாடுகள் இரண்டு ஜோடியையும் விற்க மறுத்துவிட்டார். சித்தப்பாவும் தன் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பூட்டியபடியே வைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியாது.

நாங்கள் சமணர்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி எங்களைப் போல நெல் விளைவிக்கும் சமணக் குடும்பங்கள் பல உண்டு. ஊரார் நயினார் என்று கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். எந்த உயிரையும் தெரிந்து கொல்ல மாட்டோம். ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள் சாகும் புழுக்களைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று பின்னாளில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. தொழிலில் தவிர்க்க முடியாமல் நேர்வது வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு என்பது அப்பாவின் பதில். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டில் அவர் மிகக் கவனமாக நடந்தார். தெருவில் நடந்தாலும் கண் தரையில்தான் இருக்கும்.

நெல் குதிரில் எறும்பு ஏறினால் மற்ற வீடுகளில் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள். எங்கள் வீட்டில் விருந்து வைத்து வெளியே அழைத்துக்கொண்டு போவது வழக்கம். அரிசி மாவில் கொஞ்சம் வெல்லம் தட்டிப் போட்டு, குதிர் அறையின் பின்வாசலிலிருந்து வண்டிக் கொட்டகை வரைக்கும் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டே போக வேண்டும். எறும்புகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நெல்லை மறந்துவிடும். காலையில் குளித்ததும் இதைச் செய்வது என் வேலை. மாவுத் தட்டோடு குனிந்தபடி நான் போவதைப் பார்த்தால் யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள்.

மாட்டு வண்டி நின்றவரையில் என் கோடு கொட்டகையின் மூலைத் தூணோடு முடிந்தது. வண்டி நின்ற இடத்துக்கு டிராக்டர் வந்த பிறகு, விருந்தாளிகளை வாசலோடு அனுப்புவது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. கடைசிப் பிடி மாவை டிராக்டரின் படிக்கட்டில், சித்தப்பா கால் வைத்து ஏறும் இடத்தில், வைக்க ஆரம்பித்தேன். அவர் வருவதற்குள் எறும்புகள் அதைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போயிருக்கும். எங்கே எடுத்துக்கொண்டு போயின என்று நான் யோசித்ததில்லை.

டிராக்டர் முதல் தடவை நின்றது மாசி மாதத்தில். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காஞ்சிபுரத்திலிருந்து பாய் வந்தார். பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில், லாரிகளுக்கும் பம்பு மோட்டார்களுக்கும் மின்சார வேலை பார்ப்பவர். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவினார், ஓடியது. இரண்டாவது தடவை டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருந்தது, இறுக்கினார். மூன்றாவது தடவை பேட்டரியைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் சார்ஜ் போட்டு அனுப்பினார். எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். எந்தக் காரணமும் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

நடுவில் ஒரு நாள் அவசரத்துக்கு மாடு பூட்டி இழுத்துக் கிளப்ப வேண்டியதாயிற்று. ஏரிக்கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் ஒருவர், "இன்னா சின்ன நைனாரே, மாட்டுக்கு டிராக்டர் ஓட்டக் கத்துக் குடுக்கிறியா?" என்று கேட்டார். கரை முழுவதும் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சாப்பாட்டின்போது அப்பா, குரலை உயர்த்தாமல், "இன்னொரு வாட்டி நின்னுதுன்னா, வண்டி வந்த வழியே போவட்டும்பா" என்றார். அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். சித்தப்பா தலையை ஆட்டினார். வண்டி போனால் சித்தப்பாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவார் என்று அம்மா என்னிடம் சொன்னாள். டிராக்டரின் மட்கார்டில் என்னை உட்கார வைத்துக் களத்தைச் சுற்றி ஓட்டிக் காட்ட அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

சித்திரையில், சொர்ணவாரிப் போகத்துக்கு உழவு தொடங்க வேண்டிய காலையில், டிராக்டர் மறுபடியும் 'டக்' என்றது.

அப்பா மாட்டுக் கொட்டகையில் இருந்தார். சத்தம் அவருக்குக் கேட்டது. வெளியே வந்து, "பாயைக் கூப்ட்டனுப்பு. கடைசியா ஒரு வாட்டி பாத்துடட்டும்" என்று சொல்லிவிட்டு, வண்டிக் கொட்டகைக்கு எதிரே வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் அன்று மாவு தாமதம். நான் தட்டும் கையுமாக மாவுக் கோட்டை அப்போதுதான் கொட்டகை வரை கொண்டுவந்திருந்தேன். பாய் என்னைத் தாண்டி வந்தார், கோட்டை மிதிக்காமல்.

அவரிடம் இரண்டு ஒயர் கோத்த ஒரு சின்ன பல்பு இருந்தது. பேட்டரியில் வைத்தார், பல்பு மங்கலாக எரிந்தது. வண்டியைத் தள்ளிக் கிளப்பச் சொன்னார். நாலு ஆளும் ஒரு ஜோடி மாடும் சேர்ந்து கிளப்பினார்கள். என்ஜின் ஓடியது, ஆனால் சித்தப்பாவின் முன்னாலிருந்த பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இது எத்தினி நாளா எரியுது?"

"கொஞ்ச நாளா. சில நாளு அணையும், சில நாளு எரியும். எரிஞ்சா நல்லதுன்னு நெனச்சேன் பாய்."

"எரிஞ்சா அழுவுதுன்னு அர்த்தம் சார். பேட்டரிக்கு சோறு போவல."

பிறகு டைனமோவிலிருந்து வரும் ஒயரில் பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அதே ஒயர் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய் மறுபக்கம் வெளிவரும் இடத்தில் வைத்தார். எரியவில்லை. பாய் முதல் தடவையாகச் சிரித்தார். டைனமோ உண்டாக்கும் மின்சாரத்தை பேட்டரிக்குத் திறந்துவிடும் கதவு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது; கட்-அவுட் என்பார்கள். மின்சாரம் வாசல் வரை வருகிறது, கதவு சாத்தியிருக்கிறது. மூன்று மாதமாகத் தேடிய கோளாறு ஒரு சாண் நீளப் பெட்டிக்குள் அகப்பட்டுவிட்டது.

என்ஜினை நிறுத்தி, இரண்டு திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார்.

உள்ளே எறும்பு. சுருளுக்கும் தகட்டுக்கும் இடையில், சந்து பொந்தெல்லாம் எறும்பு. ஒரு மூலையில் குருணை கொட்டினதுபோல் வெள்ளை முட்டைகள். பித்தளைப் புள்ளிகள் இரண்டு ஒன்றையொன்று தொட வேண்டிய இடத்தில் நசுங்கிய எறும்புகள் கறுப்பாக அப்பியிருந்தன.

"யா அல்லா, ஒரு ஊரே குடியிருக்குது! கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்தாங்க சார்."

சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்தடியைக் கண்ணால் காட்டி, குரலை அடக்கிக்கொண்டு, "வேணாம் பாய். அண்ணன் பாத்துக்கினு இருக்காரு. எறும்பைக் கொன்னாத்தான் வண்டி ஓடும்னு தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிடுவாரு" என்றார்.

பாய் பெட்டியைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். அங்கிருந்து டயர் வழியாகக் கண்ணைக் கீழே இறக்கி, தரையில் வளைந்து வளைந்து வந்த மாவுக் கோட்டைப் பார்த்து, கோடு முடிந்த இடத்தில் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"பந்தி வெச்சது நீதானா பாப்பா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

பாய் தன் பையிலிருந்து ஒரு பிடி பட்டு நூலை எடுத்தார். பிள்ளையார்பாளையத்தில் கை துடைக்கப் பஞ்சுக் கழிவைவிடப் பட்டுக் கழிவு எளிதாகக் கிடைக்கும். அவர் எண்ணெய்க் கையைத் துடைப்பதுகூட அரக்கும் மயில் கழுத்து நிறமுமான பட்டில்தான். அந்த நூல் குஞ்சத்தால் எறும்புகளையும் முட்டைகளையும் மெதுவாக ஒற்றி ஒற்றி, பெட்டியின் மூடியில் சேர்த்தார். அரை மணி நேரம் ஆனது. சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பிறகு தறியில் பூ விழ வைக்கும் ஓட்டை அட்டையில் கிழிந்தது ஒன்றை எடுத்து, பித்தளைப் புள்ளிகளுக்கு நடுவே விட்டு இழுத்தார். அட்டை கறுத்து வந்தது. இன்னொரு முறை இழுத்தார், வெளுப்பாக வந்தது.

மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் வேப்பமரத்தின் மறுபக்கம் நடந்தார். அப்பாவைக் கடந்துதான் போக வேண்டும். அப்பா கால்கள் இரண்டையும் கல்லின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வழிவிட்டார். பாய் வேரடியில் குனிந்தார், நிமிர்ந்தார், காலி மூடியோடு திரும்பி வந்தார்.

"இன்னா பாய், இன்னா கோளாறு?" என்று அப்பா கேட்டார்.

பாய் ஒரு கணம் மூடியைத் துடைத்தார். "ஈரம் நைனாரே. பொட்டிக்குள்ள ஈரம் எறங்கிக்கிது."

நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஐந்து விரதங்களையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன்: கொல்லாமை முதலாவது, பொய்யாமை இரண்டாவது. ஆனால் சித்தப்பாவின் கை என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஈரம் உள்ளே போகாமல் இருக்க என்று சொல்லி, பாய் மூடியின் விளிம்பெல்லாம் கறுப்பு நாடாவைச் சுற்றி ஒட்டினார். வண்டியை மறுபடி தள்ளிக் கிளப்பினார்கள். சித்தப்பா என்ஜினைக் கொஞ்சம் முடுக்கியதும் சிவப்பு விளக்கு மினுக்கி, மங்கி, அணைந்தது. அணைந்த விளக்கை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்பா எழுந்து வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே வந்து, மாவுக் கோட்டை ஒரு எட்டில் தாண்டி நின்றார்.

"ஈரம்னா இனிமே கொட்டாயில நிறுத்த வேணாம். களத்துல, வெயில்ல நிறுத்து" என்றார் சித்தப்பாவிடம். பிறகு என் தட்டைப் பார்த்து, "மாவை நாளைலேர்ந்து கிணத்துப் பக்கமா போடுமா. கொட்டாயெல்லாம் ஈரமா இருக்குதாம்" என்றார்.

அன்று மாலைக்குள் இரண்டு காணி உழுதாயிற்று. பொழுது சாயுமுன் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தப்பா இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர் அறைச் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கியது. தகரப் பெட்டி திறந்து, காலியாகக் கிடந்தது.

எனக்குத்தான் மனசு சரியில்லை. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏரியின் மேல்கோடி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு சிட்டிகை மண்ணை விரலில் தேய்த்தே எந்த வயல் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லக்கூடியவர் அப்பா. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அவரிடம் வந்து கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்கு, அந்தச் சித்திரை வெயிலில் கொட்டகையில் ஈரம் இருக்காது என்பதுகூடத் தெரியாமல் போய்விட்டதே என்று அவருக்காக வருத்தப்பட்டேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்து, எறும்புகளைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. அந்த ரகசியத்தை அப்பாவுக்குத் தெரியாமல் கடைசிவரை காப்பாற்றியது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.